தடைக்காலத்துக்குள் முடிக்க வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் ஃபீல்டு வகையை மாற்றுவது எப்படி?

பாம்பன்_காற்று | ஏப்ரல் 24, காலை 10.12

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் ஒரு மீன் கமிஷன் கடையின் கணக்கு மென்பொருளை நான்தான் இப்போது பார்த்துக்கொள்கிறேன். எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும். இதுவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது முதலாளி, படகு உரிமையாளர்களுக்குச் சிட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். அதற்காக உள்ளே போய்ப் பார்த்தால் டேபிள்கள் இப்படி இருக்கின்றன (ஃபீல்டு என்பது டேபிளின் பத்தி, ரோ என்பது வரிசை; இன்ட் முழு எண், ஃப்ளோட் புள்ளி வைத்த எண், வார்சார் எழுத்து, அடைப்புக்குள் அதன் அதிகபட்ச நீளம்).

படகு டேபிள்: படகு_ஐடி இன்ட், படகு_எண் வார்சார்(15), கைபேசி இன்ட், ஊர் வார்சார்(10).

மீன்பாடு டேபிள்: படகு_ஐடி இன்ட், தேதி வார்சார்(10), மீன்_பெயர் வார்சார்(30), எடை ஃப்ளோட், தொகை ஃப்ளோட். இதில் ஏறக்குறைய 4 லட்சம் ரோ.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை லாஞ்சு (விசைப்படகு) எதுவும் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு வரவு மட்டும்தான் ஏறுகிறது. கடையில் கூட்டம் இல்லாத இந்த நேரத்திலேயே எல்லா வகைகளையும் சரிசெய்துவிட நினைக்கிறேன். டேபிளின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கட்டளை ஒன்றிலேயே எல்லாவற்றையும் மாற்றலாமா?

---

மண்டபம்_முகாம் | ஏப்ரல் 24, காலை 10.31

கையை வைக்காதீர்கள். முதலில் 'ஷோ கிரியேட் டேபிள்' (டேபிளின் அமைப்பைக் காட்டும் கட்டளை) போட்டு முழு வெளியீட்டையும் இங்கே போடுங்கள். 'செலக்ட் வெர்ஷன்' என்ன சொல்கிறது? 'எஸ்க்யூஎல்_மோட்' என்ன?

---

பாம்பன்_காற்று | ஏப்ரல் 24, காலை 11.05

மைஎஸ்க்யூஎல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி 10.4 என்று வருகிறது. ஸாம்ப் (பிஎச்பியும் டேட்டாபேஸும் சேர்ந்த தொகுப்பு) போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். எஸ்க்யூஎல்_மோடில் ஸ்ட்ரிக்ட் (பொருந்தாத மதிப்பை ஏற்க மறுக்கும் அமைப்பு) என்று எதுவும் இல்லை. எழுத்தைச் சேமிக்கும் முறை (கேரக்டர் செட்) படகு டேபிளில் யூடிஎஃப்8 (யூனிகோட்), மீன்பாடு டேபிளில் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துக்கானது). படகு_எண் நாட் நல் (காலியாக விட முடியாது), மற்றவை எல்லாம் நல் (காலி) அனுமதி.

---

கீழக்கரை_துபாய் | ஏப்ரல் 24, மதியம் 12.20

ஸ்ட்ரிக்ட் இல்லை என்றதுமே வயிற்றைக் கலக்குகிறது தம்பி. ஆல்டரைப் பிறகு பேசலாம், ஏற்கெனவே என்ன போய்விட்டது என்று முதலில் பார்ப்போம்.

இன்ட் வகையில் அதிகபட்சம் 2147483647 வரைதான் நிற்கும். நம் கைபேசி எண்கள் 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்கம், ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஸ்ட்ரிக்ட் இருந்திருந்தால் அன்றைக்கே பிழை காட்டி நிறுத்தியிருக்கும். இல்லாதபோது ஓர் எச்சரிக்கையை மட்டும் போட்டுவிட்டு 2147483647 என்று எழுதிவைக்கும். அந்த எச்சரிக்கையைப் பிஎச்பியில் யார் படித்தார்கள்? கைபேசி வாரியாக குரூப் பை போட்டு எண்ணிக்கை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது படகு எண். நம் பக்கம் விசைப்படகுப் பதிவு ஐஎன்டி-டிஎன்-10-எம்எம் என்று தொடங்கி அப்புறம் வரிசை எண் வரும். ஆங்கில எழுத்தில் கோடுகளோடு எண்ணினால், நாலு இலக்க வரிசை எண்ணுக்கு மொத்தம் 17 எழுத்து. உங்கள் ஃபீல்டு 15. கடைசி இரண்டு இலக்கம் போயிருக்கும். 1234-ஆம் படகும் 1256-ஆம் படகும் திரையில் ஒன்றாகத் தெரியும்.

எவை வெட்டுப்பட்டவை என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ஃபீல்டின் கடைசி இடம் வரை நிரம்பிய ரோக்களை மட்டும் எடுங்கள். கேர்_லெங்த்(படகு_எண்) = 15 என்று வேர் போட்டால் சந்தேகத்துக்குரியவை எல்லாம் வந்துவிடும். அதற்குள் இருப்பவை பெரும்பாலும் முழுசாகவே இருக்கும்.

ஊர் ஃபீல்டையும் அப்படியே பாருங்கள். வார்சார்(10) என்றால் யூடிஎஃப்8-இல் பத்து யூனிகோட் இடம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஓர் இடம், கொம்புக்கும் காலுக்கும் ஓர் இடம். தங்கச்சிமடம் நமக்கு எட்டு எழுத்து, டேட்டாபேஸுக்குப் பன்னிரண்டு. ராமேஸ்வரம் சரியாகப் பத்து, அது தப்பித்திருக்கும்.

---

பாம்பன்_காற்று | ஏப்ரல் 24, மாலை 4.48

பாய், நீங்கள் சொன்னது அப்படியே. கைபேசி குரூப் பையில் ஏறக்குறைய எல்லாம் 2147483647. இடையில் சில ஆறு இலக்க எண்கள் மட்டும் உயிரோடு இருக்கின்றன, உள்ளூர் லேண்ட்லைன் போல. ஊர் பத்தியில் 'தங்கச்சிமட' என்று வரிசையாக நிற்கிறது. பில்லில் இப்படித்தான் அச்சாகிக்கொண்டிருந்திருக்கிறது. அச்சுக் கோளாறு என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்!

கைபேசியை பிக்இன்ட் (இன்னும் பெரிய முழு எண் வகை) ஆக மாற்றினால் பழைய எண்கள் திரும்ப வருமா?

---

மண்டபம்_முகாம் | ஏப்ரல் 24, மாலை 5.02

வராது. ஆல்டர் பாத்திரத்தைத்தான் பெரிதாக்கும், கொட்டிப்போனதை அள்ளித் தராது.

பிக்இன்ட் வேண்டவே வேண்டாம். கைபேசி எண்ணைக் கூட்டப் போகிறீர்களா, பெருக்கப் போகிறீர்களா? வார்சார்(15) போடுங்கள். ராமநாதபுரத்து 04567, ராமேஸ்வரத்து 04573 இரண்டுமே சுழியத்தில் தொடங்குகின்றன. எண் வகையில் முன்னால் உள்ள சுழியம் நிற்காது. நாளைக்கு யாராவது சிங்கப்பூர் எண்ணைக் கூட்டல் குறியோடு கொடுத்தால் அப்போதும் இதே கதைதான்.

---

நண்டு_கம்பெனி_அக்கவுண்ட்ஸ் | ஏப்ரல் 24, இரவு 9.15

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன் தம்பி. போன எண்களுக்காக டேட்டாபேஸில் தலையை விடாதீர்கள். தடைக்காலத்தில் போட் எல்லாம் கரையில் ஏறிக் கிடக்கிறது, மராமத்து நடக்கிறது. படகு எண்ணைப் பக்கவாட்டிலேயே பெயின்டில் எழுதியிருப்பார்கள். சிட்டைப் புத்தகத்தின் மேல்மூலையில் உரிமையாளர் நம்பரும் இருக்கும். கடைப் பையன் ஒருவனை நோட்டோடு அனுப்பினால் வேலை முடிந்துவிடும். ஜூன் 15 ஆகிவிட்டால் யாரையும் பிடிக்க முடியாது. அன்றைக்கு எங்கள் ஆட்களுக்கே எடைத்தட்டை விட்டு நகர நேரம் இருக்காது.

இன்னொன்று. மீன்பாடு டேபிள் படகு எண்ணை வைத்துக் கோத்திருக்கிறதா, வேறு ஏதாவதை வைத்தா? எண்ணை வைத்து என்றால் இரண்டு படகு கணக்கும் ஒன்றில் விழுந்திருக்கும். அது பெரிய தகராறு.

---

பாம்பன்_காற்று | ஏப்ரல் 24, இரவு 9.40

நல்லவேளை அக்கா, படகு_ஐடியை வைத்துத்தான் கோத்திருக்கிறது. கணக்கு கலக்கவில்லை, பெயர்ப்பலகைதான் உடைந்திருக்கிறது. நாளைக்கே நோட்டோடு ஆள் அனுப்புகிறேன்.

---

நிழல்_டேபிள் | ஏப்ரல் 25, காலை 8.30

பெங்களூரில் டேட்டாபேஸ் வேலை, சொந்த ஊர் தொண்டி. உற்பத்திச் சூழலில் நேரடி ஆல்டர் என்பதே தப்பு. பிடி-ஆன்லைன்-ஸ்கீமா-சேஞ்ச் மாதிரிக் கருவி பயன்படுத்துங்கள். புது அமைப்பில் ஒரு நிழல் டேபிள் உருவாகும். பழைய டேபிளில் ட்ரிக்கர் (மாற்றம் வந்ததும் தானாக ஓடும் கட்டளை) போட்டு, புதிதாக வருவதை அங்கேயும் எழுதிக்கொண்டே பழைய ரோக்களைச் சிறு சிறு தொகுதியாக நகர்த்தும். கடைசியில் இரண்டின் பெயரையும் மாற்றிவிடும். பயனர் யாருக்கும் தடங்கல் தெரியாது.

---

கீழக்கரை_துபாய் | ஏப்ரல் 25, காலை 9.10

தம்பி, சொன்னது சரி, இடம்தான் சரியில்லை. 40 கோடி ரோ, இரவும் பகலும் ஓர் நொடி நிற்கக் கூடாத சேவை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். இங்கே 4 லட்சம் ரோ, ஒன்றிரண்டு கம்ப்யூட்டர், மதியம் சாப்பாட்டுக்குக் கடை ஷட்டரை இறக்கிவிடும் முதலாளி. டேபிள் முழுவதையும் நகலெடுத்துக் கட்டினாலும் சோறு போட்டு உட்காருவதற்குள் முடிந்துவிடும். ட்ரிக்கர் போட்டு, அது பாதியில் நின்று, அதைத் துப்புரவு செய்வதுதான் அந்தக் கடையில் அதிக ஆபத்து.

---

நிழல்_டேபிள் | ஏப்ரல் 25, காலை 9.34

கருவி பெரிது என்பதை ஒத்துக்கொள்கிறேன் பாய். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள யோசனையை விட்டுவிடாதீர்கள். தேதி ஃபீல்டை வார்சாரிலிருந்து டேட்டுக்கு மாடிஃபை போட்டு நேரடியாக மாற்றினால் என்ன ஆகும்? நாள்-மாதம்-ஆண்டு என்று எழுதியதை மரியாடிபி ஆண்டு முதலில் என்று நினைத்துப் படிக்கும். தப்புத் தேதியாகவோ வெறும் சுழியங்களாகவோ மாறிவிடும். ஸ்ட்ரிக்ட் இல்லாததால் நிறுத்தவும் நிறுத்தாது. அங்கேயாவது புது ஃபீல்டு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

---

கீழக்கரை_துபாய் | ஏப்ரல் 25, காலை 9.50

அதில் மறுபேச்சே இல்லை. பழைய ஃபீல்டின் பொருள் மாறாமல் இடம் மட்டும் விரிகிறது என்றால் (வார்சார் 15-ஐ 25 ஆக்குவது போல) நேரடி மாடிஃபை. உள்ளே இருப்பதை வேறு மாதிரி புரிந்துகொள்ள வேண்டும் என்றால் பக்கத்தில் புது ஃபீல்டு.

தேதிக்கு இப்படிச் செய்யுங்கள். 'புதுத்_தேதி' என்று டேட் வகையில் நல் அனுமதித்து ஒரு ஃபீல்டு சேருங்கள். பழையதில் எத்தனை வடிவம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 15-04-2023 என்று ஒருவர், 15/4/23 என்று இன்னொருவர் அடித்திருப்பார், நிச்சயம். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி அப்டேட், உள்ளே எஸ்டிஆர்_டு_டேட் (எழுத்தைத் தேதியாக்குவது). எல்லாம் முடிந்த பின் புதுத்_தேதி இன்னும் 'நல்' என்றே (காலியாக) நிற்கும் ரோக்களை எடுத்துக் கண்ணால் பாருங்கள். அவற்றை முடித்த பிறகுதான் நாட் நல். பழைய ஃபீல்டை உடனே தூக்காதீர்கள். பெயரை மட்டும் 'தேதி_பழசு' ஆக்கி அடுத்த தடைக்காலம் வரை கிடக்கட்டும். 10.4-இல் 'ரினேம் காலம்' (பத்தியின் பெயரை மட்டும் மாற்றும் கட்டளை) கிடையாது, 10.5-இல்தான் வந்தது. சேஞ்ச் போட்டு, வகையையும் சேர்த்து எழுத வேண்டும்.

---

மண்டபம்_முகாம் | ஏப்ரல் 25, காலை 10.15

மாடிஃபை, சேஞ்ச் இரண்டுக்கும் பொதுவான பொறி ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபீல்டின் முழு விவரத்தையும் திரும்ப எழுத வேண்டும். 'மாடிஃபை படகு_எண் வார்சார்(25)' என்று மட்டும் போட்டால் அகலம் கூடும், கூடவே நாட் நல் காணாமல் போகும். டிஃபால்ட் (மதிப்பு கொடுக்காவிட்டால் தானாக ஏறுவது), கமென்ட், ஆட்டோ இன்கிரிமென்ட் (தானாகக் கூடும் எண்) எல்லாமே அப்படித்தான், எழுதவில்லை என்றால் எடுத்துவிடு என்று புரிந்துகொள்ளும். அதனால்தான் முதலிலேயே ஷோ கிரியேட் டேபிள் கேட்டேன். அதிலிருந்து வரியை அப்படியே எடுத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். டிஃபால்ட்டை மட்டும் மாற்றுவதாக இருந்தால் 'ஆல்டர் காலம் ... செட் டிஃபால்ட்' போதும், அது மற்றதைத் தொடாது.

---

வாலிநோக்கம்_உப்பு | ஏப்ரல் 25, மதியம் 1.05

ஒரு சந்தேகம். பிகின் போட்டு, ஆல்டர் போட்டு, பிடிக்கவில்லை என்றால் ரோல்பேக் போட்டுப் பழையபடி ஆக்கினால் ஆகாதா?

---

மண்டபம்_முகாம் | ஏப்ரல் 25, மதியம் 1.11

மைஎஸ்க்யூஎல்லிலும் மரியாடிபியிலும் ஆகாது. ஆல்டர் வந்ததுமே அதற்கு முன் செய்ததையும் தானாகவே கமிட் (நிரந்தரம்) செய்துவிடும். போஸ்ட்கிரஸ் என்ற வேறு டேட்டாபேஸில் ஆகும்.

---

தேவிபட்டினம்_கடலோரம் | ஏப்ரல் 25, மதியம் 2.40

போஸ்ட்கிரஸ் பெயர் வந்ததால் சில வார்த்தை. அங்கே வகை மாற்றும்போதே யூசிங் என்று போட்டு, பழையதை எப்படிப் படிப்பது என்று சொல்லலாம். தேதிக்கு 'டைப் டேட் யூசிங் டு_டேட்(...)' என்று ஒரே வரி. மாற்ற முடியாத ரோ ஒன்று இருந்தாலும் மொத்தமும் நின்றுவிடும், பாதி மாறி நிற்காது. வார்சாரின் அகலத்தைக் கூட்டினால் டேபிளை மறுபடி எழுதுவதே இல்லை. இன்டை பிக்இன்ட் ஆக்கினால் முழுக்க எழுதும், அது முடியும் வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. அந்த ஃபீல்டைப் பயன்படுத்தும் வியூ (சேமித்து வைத்த தேடல்) ஏதாவது இருந்தால் முதலிலேயே மறுத்துவிடும், வியூவை எடுத்துவிட்டு மாற்றிய பிறகு திரும்ப உருவாக்க வேண்டும்.

---

வாலிநோக்கம்_உப்பு | ஏப்ரல் 25, மதியம் 3.02

எங்களுடையது எஸ்க்யூலைட், டேப்லெட்டில் ஓடுகிறது. அதில்?

---

தேவிபட்டினம்_கடலோரம் | ஏப்ரல் 25, மதியம் 3.20

வகையை மாற்றும் கட்டளையே அதில் இல்லை. பெயர் மாற்றலாம், ஃபீல்டு சேர்க்கலாம், 3.35 பதிப்பிலிருந்து நீக்கலாம். வகை மாற வேண்டும் என்றால் புது டேபிள் உருவாக்கி, நகலெடுத்து, பழையதை நீக்கிவிட்டுப் பெயரை மாற்றுவதுதான் வழி. ஃபாரின் கீ (டேபிள்களைக் கோக்கும் இணைப்பு) சோதனையை அதற்கு முன்பே நிறுத்திவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் செய்யலாம். வார்சார்(10) என்று எழுதியிருந்தாலும் அது நீளத்தைப் பார்ப்பதில்லை, ஆகவே உங்களுக்குத் 'தங்கச்சிமட' பிரச்சினை வந்திருக்காது.

---

பாம்பன்_காற்று | ஏப்ரல் 26, காலை 11.30

தேதி புரிந்தது. மீன்_பெயர்தான் குழப்பம். மென்பொருளில் தமிழ் சரியாகத் தெரிகிறது. பிஎச்பிமைஅட்மினில் (டேபிளை நேரடியாகப் பார்க்கும் கருவி) திறந்தால் மேலே குறி போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று குப்பையாக வருகிறது. 'கன்வர்ட் டு கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4' போட்டால் சரியாகிவிடும் என்று ஓர் இடத்தில் படித்தேன்.

---

கீழக்கரை_துபாய் | ஏப்ரல் 26, மதியம் 12.45

அதைப் போட்டால் குப்பை நிரந்தரக் குப்பையாகிவிடும். உள்ளே இருப்பது சரியான தமிழ் பைட்டுகள்தான், ஆனால் மேலே லத்தீன்1 என்று லேபிள் ஒட்டியிருக்கிறது. கன்வர்ட் அந்த லேபிளை நம்பும். ஒவ்வொரு பைட்டையும் ஓர் ஐரோப்பிய எழுத்தாக எண்ணி, அதை மறுபடி யூடிஎஃப்8 ஆக்கும்.

முதலில் ஹெக்ஸ்(மீன்_பெயர்) போட்டுப் பாருங்கள், உள்ளே இருக்கும் பைட்டுகளை அப்படியே காட்டும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் இரண்டு ஈ0 ஏஈ அல்லது ஈ0 ஏஎஃப் என்றுதான் தொடங்கும். அப்படி வந்தால் டேட்டா உயிரோடு இருக்கிறது. 3எஃப் 3எஃப் 3எஃப் என்று வந்தால் அவை நிஜமான கேள்விக்குறிகள், அங்கே மீட்க ஒன்றும் இல்லை.

உயிரோடு இருந்தால் இரண்டு படி. மீன்_பெயரை முதலில் வார்பைனரியாக மாடிஃபை செய்யுங்கள், லேபிள் உரிந்துவிடும், பைட் அசையாது. பிறகு அதை வார்சார்(60) கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 என்று மாடிஃபை செய்யுங்கள். பிஎச்பி இணைப்பின் கேரக்டர் செட்டையும் அதே வேளையில் மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் பழையது சரியாகி, புதிதாக ஏறுவது கெடும்.

இரண்டாம் படிக்கு முன் ஒரு சோதனை. லத்தீன்1-இல் வார்சார்(30) என்றால் 30 பைட், அதாவது தமிழுக்குப் பத்து இடம். 'வெள்ளை இறால்' இடைவெளியோடு 34 பைட். முப்பதில் வெட்டினால் கடைசி 'ல்' எழுத்தில் ல-வின் முதல் இரண்டு பைட் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். அது செல்லாத யூடிஎஃப்8. ஸ்ட்ரிக்ட் இருந்தால் ஆல்டரே பிழை சொல்லி நிற்கும். இல்லாவிட்டால் நிற்காமலே அந்த எழுத்தைக் கெடுத்துவிடும். நீளம் 30 உள்ளவற்றைத் தனியாக எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அப்டேட் போட்டுவிடுங்கள். மீன் வகை எத்தனை இருந்துவிடப் போகிறது!

---

நண்டு_கம்பெனி_அக்கவுண்ட்ஸ் | ஏப்ரல் 26, மதியம் 1.30

சங்காயத்தையே (கழிவு மீன்) நாலு விதமாக எழுதியிருப்பார்கள், அதையும் இதோடு பாருங்கள் தம்பி. அப்புறம் அந்த ஃப்ளோட் என்பது என்ன? எங்கள் கம்பெனியிலும் மாத முடிவில் கமிஷன் கடை கணக்குக்கும் எங்கள் கணக்குக்கும் சில பைசா உதைக்கும். ரவுண்ட் ஆஃப் என்று எழுதி முடித்துவிடுவோம்.

---

மண்டபம்_முகாம் | ஏப்ரல் 26, மதியம் 2.10

காரணம் அதுவாகவே இருக்கலாம் அக்கா. ஃப்ளோட் எண்ணை இரண்டின் அடுக்காக வைத்துக்கொள்ளும், அதற்கு 24 பிட் துல்லியம்தான். தொகை 1,31,072 ரூபாயைத் தாண்டினால் அடுத்தடுத்த இரண்டு மதிப்புக்கு நடுவில் 64-இல் ஒரு பங்கு ரூபாய், அதாவது ஒன்றரைப் பைசாவுக்கும் மேல் இடைவெளி. ஒரு பைசா வித்தியாசத்தை அதனால் காட்டவே முடியாது. தொகை ஏற ஏற இடைவெளியும் இரட்டிக்கும். அதே காரணத்தால்தான் 'வேர் எடை = 12.4' என்று தேடினால் ஒரு ரோவும் வராது.

எடைக்கு டெசிமல்(10,3), தொகைக்கு டெசிமல்(12,2) போடுங்கள், அது தசம எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும் வகை. நேரடி மாடிஃபை போதும், ஆனால் மாற்றும் முன் மாதவாரியாகக் கூட்டுத்தொகை எடுத்துத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் மறுபடி எடுங்கள். சில பைசா மாறும். எந்த மாதம் எவ்வளவு மாறியது என்று முதலாளி கேட்கும் முன் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

---

பாம்பன்_காற்று | மே 9, மாலை 6.20

முடித்துவிட்டேன். மைஎஸ்க்யூஎல் சேவையை நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து, அதை வீட்டு லேப்டாப்பில் ஏற்றி எல்லாவற்றையும் அங்கே ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கடையில் செய்தேன்.

படகு_எண்ணும் ஊரும் விரிந்தன. கைபேசி வார்சார் ஆனதும் 2147483647 எல்லாவற்றையும் நல் ஆக்கினேன். நோட்டில் வந்த எண்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஹெக்ஸில் எல்லாம் ஈ0 ஏஈ, கேள்விக்குறி ஒன்றும் இல்லை. 'வெள்ளை இறா' என்று தொங்கியவை திருத்தப்பட்டன. தேதியில் 31-04 என்று சில ரோ இருந்தன. ஏப்ரலில் முப்பத்தொன்று! சிட்டையைப் பார்த்து மாற்றினோம்.

எடையை மாற்றும்போது மட்டும் ஆல்டர் நகரவே இல்லை. லேப்டாப்பில் நொடிகளில் முடிந்தது.

---

மண்டபம்_முகாம் | மே 9, மாலை 6.35

ஓடும் கட்டளைகளைக் காட்டும் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்'டில் 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்' (வேறு யாரோ டேபிளைப் பிடித்திருப்பதால் காத்திருக்கிறது) என்று இருந்ததா?

---

பாம்பன்_காற்று | மே 9, மாலை 6.41

ஆமாம் அண்ணே, அதேதான். கல்லாவில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் ஒரு ரிப்போர்ட் திரை திறந்தே கிடந்தது. அதை மூடியதும் போய்விட்டது.

---

நிழல்_டேபிள் | மே 9, இரவு 8.05

அந்தத் திரை ஒரு ட்ரான்சாக்‌ஷனை முடிக்காமல் பிடித்து வைத்திருந்திருக்கும். இதில் மோசம் என்னவென்றால், காத்திருக்கும் ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்டும் வரிசையில் நின்றுவிடும். ஏல நேரமாக இருந்தால் கடையே உறைந்திருக்கும். அடுத்த முறை 'லாக்_வெயிட்_டைம்அவுட்' மதிப்பைச் சில நொடிக்கு இறக்கிவிட்டு ஆல்டர் போடுங்கள். கிடைக்காவிட்டால் அதுவே விலகிக்கொள்ளும்.

---

பாம்பன்_காற்று | மே 9, இரவு 8.30

சரி, குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: ஸ்ட்ரிக்டை இப்போதே போட்டுவிடலாமா? லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் புதுப் படகு சேர்க்கும் திரை 'டிஃபால்ட் மதிப்பு இல்லை' என்று நிற்கிறது.

---

கீழக்கரை_துபாய் | மே 9, இரவு 9.12

நிற்கட்டும், அதற்குத்தானே போடுகிறோம். அந்தத் திரை படகு_எண் கொடுக்காமலே இன்சர்ட் செய்துவிட்டு அப்புறம் அப்டேட் செய்கிறது என்று நினைக்கிறேன், பிஎச்பி நிரலைப் பாருங்கள். அதற்காக படகு_எண்ணுக்கு வெற்று டிஃபால்ட் கொடுத்துத் தப்பிக்காதீர்கள். இன்சர்ட்டையே திருத்துங்கள். லேப்டாப்பில் ஒவ்வொரு திரையாகத் தட்டிப் பார்த்து, பிழை வருவதையெல்லாம் இந்த மாதத்துக்குள் முடித்துவிட்டு, ஜூன் முதல் வாரம் கடையில் ஸ்ட்ரிக்டைப் போடுங்கள். நாட்டுப்படகு வரவிலேயே ஒரு வாரம் ஓடிப் பார்த்துவிடும். வெட்டுப்பட்ட எண்ணெல்லாம் திருத்தி முடிந்ததும் படகு_எண்ணில் யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு முறை ஏறாமல் தடுப்பது) போடுங்கள், அதற்கு முன் போட்டால் ஏறாது.

---

பாம்பன்_காற்று | மே 9, இரவு 9.20

இன்னும் சில படகு பாக்கி பாய், மூக்கையூர் பக்கம் மராமத்துக்குப் போயிருக்கின்றன. அவை திரும்பியதும் யூனிக் போட்டுவிடுகிறேன்.